‘பார்த்து வாங்கு’ என்கிறார்கள், எதைப் பார்த்து?

“டிக்கெட் எடுக்க முதல் நல்ல இடமாப் பார்த்து எடுத்திருக்கலாம்தானே?”

பெரிய மைதானத்துக்குப் போய், தூணையும் கம்பிவலையையும் முன்னால் இருந்தவரின் முதுகையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குக் கிடைக்கிற முதல் ஆறுதல் வார்த்தை இதுதான். சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரை பிழையான ஆளிடம் போய்ச் சேர்கிறது என்பது எங்கள் கருத்து. வாங்குகிறவர் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றால், விற்கிறவர் முதலில் எதையாவது காட்ட வேண்டும். எங்கட நாட்டில் மட்ச் டிக்கெட்டோ இசை நிகழ்ச்சி டிக்கெட்டோ விற்கிறவர்கள் பெரும்பாலும் காட்டுவது மூன்றே மூன்று: ஒரு எழுத்து, ஒரு நிறம், ஒரு விலை. ‘சி மேல்’, ‘டி கீழ்’, ‘கோல்ட்’, ‘பிளாட்டினம்’. அங்கிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

ஒரு சோடி செருப்பு வாங்கவே காலில் போட்டு, நாலடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து நாலைந்து மணித்தியாலம் இருக்கப் போகிற இடத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்கிறார்கள். பிறகு கண்ணை ஏன் மூடினாய் என்று எங்களிடமே கேட்கிறார்கள்.

நல்ல இருக்கை என்பது அதிர்ஷ்டமல்ல, கணக்கு

முதலில் கிரிக்கெட்டையே எடுப்போம். கொழும்பு மாளிகாவத்தையில் இருக்கிற ஆர். பிரேமதாச விளையாட்டரங்கை எங்கட சனம் இன்னும் கெத்தாராம என்றுதான் சொல்லும். 1986 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. 2011 உலகக் கிண்ணத்துக்காகப் பெரிதாகத் திருத்திக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 35,000 பேர் கொள்ளும். இலங்கை 1997 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டம் எடுத்ததும் அங்கேதான். 2012 ஒக்டோபர் 7ஆம் திகதி உலக இருபது-20 இறுதிப் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றதும் அங்கேதான். அந்த 35,000 இடங்களும் ஒரே மட்ச்சைக் காட்டுவதில்லை.

பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் அல்லது துடுப்பாட்டக்காரருக்கு நேர் பின்னால் இருந்தால் பந்தின் கோடு தெரியும். அது உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, சுழல் எவ்வளவு திரும்புகிறது, எல்பிடபிள்யூ கேட்டது நியாயமா என்பதெல்லாம் அங்கிருந்துதான் விளங்கும். பக்கவாட்டில் இருந்தால் இது ஒன்றும் தெரியாது. ஆனால் பந்தின் நீளம் தெரியும், வேகம் தெரியும், ரன் அவுட் தெரியும். மேல் மாடியில் இருந்தால் களத்தடுப்பின் முழு வடிவமும் வரைபடம் மாதிரி விரியும். அணித்தலைவர் ஒரு ஆளை இரண்டடி நகர்த்துவது ஏன் என்று பிடிபடும். கீழே வேலியோரம் இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிற வீரரின் முகம் தெரியும், அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் ஆட்டத்தின் அரைவாசியை ஊகித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதில் எது நல்ல இடம்? கேட்கிற ஆளைப் பொறுத்தது. சுழல்பந்தை ரசிக்கிறவருக்கு ஒன்று, பப்பரே வாத்தியத்தோடு ஆடப் போகிறவருக்கு வேறொன்று. அதைத் தெரிவு செய்யத்தான் தகவல் வேண்டும் என்கிறோம்.

தூரமும் கணக்குத்தான். எல்லைக்கோடு ஆடுகளத்தில் இருந்து ஏறத்தாழ 70 மீற்றர் என்று வையுங்கள். அதற்கு வெளியே நடைபாதை, வேலி, பிறகு படிப்படியாக எழும்புகிற வரிசைகள். கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஆடுகளம் 100 மீற்றருக்கும் அப்பால். கிரிக்கெட் பந்தின் விட்டம் ஏழு சென்ரிமீற்றர் சொச்சம். நூறு மீற்றரில் அது, ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்த குண்டூசியின் தண்டு அளவுதான் கண்ணுக்குத் தெரியும். சத்தமும் பிந்தித்தான் வரும்: மட்டை பந்தில் பட்டதைக் கண்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு செக்கன் கழித்துத்தான் ‘டொக்’ என்று கேட்கும்.

வெயிலும் அப்படியே. துடுப்பாட்டக்காரரின் கண்ணில் சூரியன் குத்தக் கூடாது என்பதற்காக ஆடுகளத்தை வழமையாக வடக்குத் தெற்காகத்தான் போடுவார்கள். ஆகவே பின்னேர வெயில் பக்கவாட்டில் இருந்துதான் வரும். இரண்டரை மணிக்குத் தொடங்குகிற பகலிரவு ஆட்டத்தில் மேற்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதுகுப் பக்கம் வெயில். கூரை இருந்தால் நிழல். கிழக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சூரியன் இறங்கும்வரை நெற்றியில் கையை வைத்துக்கொண்டுதான் மட்ச். வீரர்களின் கண்ணுக்கு இவ்வளவு யோசித்தவர்கள், காசு கொடுத்து வந்தவரின் கண்ணைப் பற்றி டிக்கெட்டில் ஒரு சொல் போடலாம்தானே? ‘இந்தப் பகுதிக்குப் பின்னேர வெயில் படும்’, ‘இதற்குக் கூரை இல்லை’, ‘முதல் வரிசைகளுக்கு வேலி மறைக்கும்’. மூன்று வசனம்தான். அச்சடிக்கப் பெரிய செலவில்லை.

தலைக்கு மேல் எத்தனை சென்ரிமீற்றர்?

மைதானம் கட்டுகிறவர்களிடம் ‘சி அளவு’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், நீங்கள் பார்க்க வேண்டிய இடத்துக்கு உங்கள் கண்ணில் இருந்து போகிற கோடு, முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு மேலாக எத்தனை சென்ரிமீற்றரில் கடக்கிறது என்பதுதான் அது. ஒருவருடைய கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் இடையில் 12 சென்ரிமீற்றர் அளவு இருக்கும். ஆகவே 12 கிடைத்தால் அருமை, 9 என்றால் நல்லது, 6 என்றால் சமாளிக்கலாம், அதற்குக் கீழே போனால் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இந்தக் கணக்குக்காகத்தான் நல்ல மைதானங்களில் மேலே போகப் போகப் படி செங்குத்தாகிறது. காற்பந்து மைதானத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: எந்த இருக்கையில் இருந்தும் எதிர்மூலை 190 மீற்றருக்கு மேல் போகக் கூடாது, 150க்குள் என்றால் உத்தமம்.

இவை இரகசியமான கணக்குகள் அல்ல. கட்டுகிறவருக்குத் தெரியும், வாடகைக்கு எடுக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது வாங்குகிற எங்களுக்கு மட்டும்தான். இங்கிலாந்தில் தூணோ கூரையோ மறைக்கிற இருக்கையை ‘பார்வை மறைக்கப்பட்டது’ என்று எழுதி, விலை குறைத்து விற்கிற வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் தெரிந்துதான் வாங்குகிறார். அந்த நேர்மைக்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

இப்ப இசை நிகழ்ச்சிக்கு வருவோம். மைதானத்தில் பாட்டுக் கச்சேரி என்றால் நிலைமை இன்னும் மோசம். படிக்கட்டு மாடிகளில் ஒரு பகுதி மேடைக்குப் பின்னால் போய்விடும். விலை கூடிய டிக்கெட் எல்லாம் புல்லுத் தரையில் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள். தரை மட்டம் என்றால் ‘சி அளவு’ அநேகமாகப் பூச்சியம். முதல் பாட்டுக்கு முன்வரிசை எழும்பினால் அடுத்த வரிசையும் எழும்ப வேண்டும். பத்து நிமிடத்தில் கதிரை வாங்கிய எல்லாரும் நிற்கிறார்கள், ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு போன். நடுவில் ஒலிக்கலவைக்காரருக்கு ஒரு கூடாரம், கமராவுக்கு ஒரு மேடை. அந்தக் கூடாரத்தை ஒட்டி இருப்பவருக்கு ஒலி நன்றாக இருக்கும், ஏனென்றால் கலவைக்காரர் தன் காதுக்குத்தான் ஒலியைச் சரிசெய்கிறார். அதற்கு நேர் பின்னால் இருப்பவருக்குக் கூடாரத்தின் துணி மட்டும்தான் தெரியும். இரண்டும் ஒரே நிறம், ஒரே விலை! நூறு மீற்றர் தள்ளி இருப்பவருக்குத் திரையில் வாய் அசைந்த பிறகுதான் குரல் வந்து சேரும். அதைச் சரிசெய்ய இடையில் தாமதப்படுத்திய ஒலிபெருக்கிகள் வைக்க வேண்டும். வைக்கிறார்களா என்று டிக்கெட் வாங்க முதல் யாரிடம் கேட்பது?

முற்றவெளியில் நடந்தது ‘பண்பாட்டுச் சீரழிவா’?

2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய இசை நிகழ்ச்சி எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். முன்னால் காசு கொடுத்தவர்களின் பகுதிகள், பின்னால் இலவசப் பகுதி, இடையில் தடுப்புகள். எக்கச்சக்கமான சனம். தடுப்புகள் உடைந்தன, கட்டமைப்புகளில் ஏறினார்கள், நிகழ்ச்சி இடையில் நின்றது.

அடுத்த நாள் காலையில் தீர்ப்பு வந்துவிட்டது. ‘யாழ்ப்பாணத்துப் பொடியளுக்கு ஒழுக்கம் இல்லை’, ‘எங்கட பண்பாடு நாறிப்போச்சு’, ‘இந்தத் தலைமுறைக்கு இதெல்லாம் சரிவராது’. முகநூல் முழுக்க அதுதான் ஓடியது. அந்த நேரம் நாங்கள் கேட்டதும் இப்போதும் கேட்பதும் ஒன்றுதான்: அந்த இலவசப் பகுதியின் கடைசியில் நின்றவருக்கு மேடை தெரிந்ததா? தட்டையான வெளியில், முன்னால் ஆயிரக்கணக்கான தலைகளும் தடுப்பும் இருக்க, பின்னால் நிற்கிறவர் என்ன செய்வார் என்று யாராவது முன்கூட்டியே யோசித்தார்களா? எத்தனை பேர் கொள்ளும், எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று ஒரு கணக்கு இருந்திருந்தால் அதை ஏன் சனத்துக்குச் சொல்லவில்லை?

கட்டமைப்பில் ஏறியதையும் மற்றவரைத் தள்ளியதையும் நாங்கள் நியாயப்படுத்தவில்லை. அதில் நெரிபட்டு மயங்கினவர்களும் எங்கட சனம்தான். ஆனால் ஒழுக்கத்தைப் பற்றிய பிரசங்கம், திட்டமிடலைப் பற்றிய கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டது. அதுதான் எங்கட கோபம்.

இந்தப் பழி போடுகிற பழக்கம் எங்கட ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் வேலியடைத்த நிற்கும் பகுதிக்குள் அளவுக்கு மீறிச் சனத்தை விட்டதில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். பொலிஸும் சில பத்திரிகைகளும் உடனே குடிகார ரசிகர்களைத்தான் குற்றம் சொன்னார்கள். 1990இல் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய கழகங்களின் மைதானங்கள் எல்லாருக்கும் இருக்கை உள்ளவையாக மாற வேண்டும் என்றது. ரசிகர்களை அடைத்து வைத்த வேலிகளும் போயின. ஆனாலும் ரசிகர்கள்மேல் பிழையில்லை என்று மரண விசாரணை நடுவர் குழு சொல்ல 2016 வரை, 27 வருடம் எடுத்தது. முற்றவெளியையும் ஹில்ஸ்பரோவையும் நாங்கள் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் ‘சனம்தான் பிழை’ என்று முதலில் சொல்பவர் யார், அதனால் யாருக்கு இலாபம் என்று பார்க்க அந்த வரலாறு போதும்.

நல்ல இடம் யாருக்கு?

வசதியான இடத்தின் கணிசமான பங்கு விற்பனைக்கே வருவதில்லை. அனுசரணையாளருக்கு, அதிதிகளுக்கு, அவர்களின் வீட்டுக்காரருக்கு என்று முதலே போய்விடும். தொலைக்காட்சியில் பாருங்கள்: சாதாரண ஸ்டாண்டுகளில் சனம் நெருக்கியடிக்கும், நேர் பின்னால் இருக்கிற குளிரூட்டிய கண்ணாடிக்குள் பாதிக் கதிரை காலி, மீதியில் இருப்பவர்கள் சாப்பாட்டுக் கோப்பையோடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்துக்கு வந்த இந்தியா – பாகிஸ்தான் ஆட்டத்துக்கே கெத்தாராமவில் இருக்கைகள் காலியாகத் தெரிந்தன. பிறகுதான் டிக்கெட் விலையைக் குறைத்தார்கள். விலை முதலில் யாருடைய சட்டைப்பையைப் பார்த்துப் போடப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ போகிற மாணவருக்கு டிக்கெட் விலை செலவின் ஒரு பகுதிதான். யாழ்ப்பாணம் – கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். இரவு பஸ், சாப்பாடு, தங்குவதற்கு யாராவது மச்சானின் அறை. கொழும்புக்காரர் ஒரு இடம் சரியில்லை என்றால் அடுத்த முறை மாற்றி எடுப்பார். எங்களுக்கு அந்த ‘அடுத்த முறை’ எத்தனை வருடம் கழித்தோ தெரியாது. டிக்கெட் பக்கம் பல நேரம் ஆங்கிலத்தில் மட்டும். விதிமுறைகள் இன்னும் சிறிய எழுத்து ஆங்கிலத்தில்.

எங்கட தோழிகளுக்கு ‘நல்ல இடம்’ என்பதன் கணக்கே வேறு. வெளிச்சமான வாசல் எது, கழிவறைக்கு எத்தனை பேரைத் தாண்டிப் போக வேண்டும், இரவு பத்தரைக்கு மட்ச் முடிந்தால் எந்தப் பக்கத்தால் வெளியே வந்தால் பஸ் பிடிக்கலாம், குடித்துவிட்டு வருகிற கூட்டம் எந்தப் பகுதியில் கூடும். பார்வைக் கோணம் அதற்குப் பிறகுதான். இவற்றில் ஒன்றையும் எந்த வரைபடமும் சொல்வதில்லை. தெரிந்தவரிடம் தெரிந்தவர் கேட்டு, வாய்வழியாகத்தான் ஓடுகிறது.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கோ தெரிவு என்ற சொல்லே கிடையாது. கலாநிதி அஜித் பெரேரா கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் வீதியோர மரம் அவருடைய கார்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். அவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியவையாக அமைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளையிட்டது. அதற்கு முன்னரே, 2006இல், ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்திருந்தன. சட்டம் இருக்கிறது, கட்டளை இருக்கிறது. டிக்கெட் வாங்குகிற பக்கத்தில் சக்கர நாற்காலிக்கான இடம் எது, சரிவுப்பாதை எந்த வாசலில் என்று எழுதியிருப்பதைத் தேடிப் பாருங்கள்.

‘மலிவு டிக்கெட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?’

இப்படிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். விலை குறைந்த இடம் தூரமாக இருக்கலாம், வெயிலாக இருக்கலாம், கதிரையே இல்லாமல் புல்லுத் திட்டியாகவும் இருக்கலாம். பல்லேகலவில் புல்லில் இருந்து மட்ச் பார்ப்பது தனிச் சுகம். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மலிவு என்பது வேறு, மறைப்பு என்பது வேறு. தூரம் என்று சொல்லி விற்றால் அது மலிவு. தூணைச் சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. பருப்புப் பைக்கற்றில் நிறை போட வேண்டும் என்றால் இருக்கையில் பார்வை போடக் கூடாதா?

‘அட, மைதானத்துக்குப் போறது பார்க்கவா? அந்தச் சூழலுக்குத்தானே! வடிவாப் பார்க்க வேணுமெண்டா வீட்டில ரிவியில பார்’ என்பது அடுத்த வாதம். சூழல் பெரிது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. யாழ் மத்திய கல்லூரி மைதானத்தில் வடக்கின் பெரும்போர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. 2023 ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை 50 ஓட்டத்துக்கு 92 பந்தில் சுருண்ட நாளில் எந்த ஸ்டாண்டில் இருந்தால் என்ன, வாசலுக்குக் கிட்ட இருந்தவர்தான் புண்ணியவான்! ஆனால் சூழலை வேறு எங்கும் விட மைதானத்தில் சனம்தான் உருவாக்குகிறது. வாத்தியம், ஆட்டம், கூச்சல் எல்லாம் நாங்கள் கொண்டுபோவது. நாங்கள் கொண்டுபோவதையே எங்களுக்கு விற்றுவிட்டு, அவர்கள் தர வேண்டிய பார்வையைத் தராமல் விடுவது என்ன நியாயம்?

காலிக்குப் போனவர்களுக்குத் தெரியும்: கோட்டை மதிலில் நின்றால் காசில்லாமலே டெஸ்ட் மட்ச் முழுவதும் தெரியும். 2021 ஜனவரியில் கொரோனாவால் ரசிகர்களை உள்ளே விடாத நேரம், பத்து மாதமாக இந்த நாட்டிலேயே காத்திருந்த ஓர் இங்கிலாந்து ரசிகர் அந்த மதிலில் இருந்துதான் தன் அணிக்குப் பாடினார். ஒரு மதில் இலவசமாகத் தருகிற பார்வையை, காசு வாங்குகிற கதிரை தராவிட்டால் வெட்கப்பட வேண்டியது கதிரையை விற்றவர்.

நாங்கள் கேட்பது

ஒன்று: டிக்கெட் விற்பனை தொடங்க முதல், வரிசை இலக்கத்தோடு முழு இருக்கை வரைபடம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். ஒவ்வொரு பகுதியில் இருந்தும் ஒரு படம். போனில் எடுத்தாலே போதும்.

இரண்டு: மறைப்பு உள்ள இருக்கை என்றால் அதை எழுத வேண்டும், விலையைக் குறைக்க வேண்டும். எழுதாமல் விற்றால் காசைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்று: வெயில், கூரை, கழிவறை, வாசல், சரிவுப்பாதை ஆகியவை வரைபடத்தில் இருக்க வேண்டும்.

நான்கு: எத்தனை பேர் கொள்ளும் இடம், எத்தனை டிக்கெட் விற்பனைக்கு, எத்தனை இலவச அனுமதி என்பதை வெளியிட வேண்டும்.

ஐந்து: தட்டைத் தரையில் நடக்கிற எந்த நிகழ்ச்சிக்கும் பின்பகுதிக்குத் திரையும் ஒலிபெருக்கியும் கட்டாயம்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டியாயிற்று. அந்த இடத்தில் கட்டலாமா, சூழலுக்கு என்ன ஆகும் என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய விவாதம். ஆனால் கட்டத்தான் போகிறார்கள் என்றால், வரைபடம் தாளில் இருக்கும்போதுதான் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். படியின் உயரத்தைக் கொங்கிறீற் போட்ட பிறகு மாற்ற ஏலாது. கடைசி வரிசைக்கு எத்தனை சென்ரிமீற்றர், சக்கர நாற்காலிக்கு எந்த இடம், மலிவு டிக்கெட்டுக்கு நிழல் உண்டா என்று இப்போதே கேட்போம். நாளைக்கு அங்கே போய்த் தூணைப் பார்த்துவிட்டு வருகிற தம்பி தங்கச்சிமாரிடம் ‘பார்த்து வாங்கியிருக்கலாம்தானே’ என்று சொல்கிற நிலை வரக் கூடாது.

அதுவரைக்கும், அடுத்த டிக்கெட் வாங்க முதல் விற்கிறவருக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: “இந்த இருக்கையில் இருந்து என்ன தெரியும்?” பதில் வராவிட்டால் அதையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.